சந்தைக்கு வழி காட்டிய சகோதரத்துவம்

மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்களுள் பலர் வெறுங்கையுடன் நின்றார்கள். வீடும் வணிகமும் பிறந்த மண்ணிலேயே தங்கிவிட்டன. அவ்வேளையில் நபி (ஸல்) அவர்கள், முஹாஜிர் ஒருவரையும் மதீனாவாசியான அன்ஸாரி ஒருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். வரலாறு இதனை ‘முஆகாத்’ என்று குறிப்பிடுகிறது.

அவ்வாறு இணைக்கப்பட்டவர்களே ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ, அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று விரைவிலேயே சொந்தக் காலில் நின்றார்கள். ஒருவரின் ஈகையும் மற்றவரின் தன்மானமும் ஒன்றையொன்று காத்த நிகழ்ச்சி இது.

அந்த முஆகாத்தை நினைவூட்டும் பெயருடன் 2001 ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் ஒரு சிறு முயற்சி தொடங்கியது. மருத்துவம் பயின்று அரசுப் பணியில் இருந்தவரான அம்ஜத் ஸாகிப், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து தொடங்கிய அதன் பெயர் ‘அகுவத்’. சகோதரத்துவம் என்பது பொருள். கைம்பெண் ஒருவருக்கு அளிக்கப்பட்ட 10,000 ரூபாயே அதன் முதற்கடன். அப்பெண்மணி தர்மம் கேட்கவில்லை. உழைத்துத் திருப்பித் தரும் வாய்ப்பையே கேட்டார். சொன்னபடி திருப்பியும் செலுத்தினார். அதே தொகை அடுத்தவரின் கைக்குச் சென்றது.

ஏழைகளுக்குச் சிறுகடன் வழங்கும் முறை அதற்கு முன்பே வங்கதேசத்தில் புகழ்பெற்றிருந்தது. ஆனால், அங்கே கடனுடன் வட்டியும் சேர்ந்து வந்தது. அகுவத் வட்டியை விலக்கி, கர்ழ் ஹஸன் என்னும் அழகிய கடனைத் தேர்ந்துகொண்டது. தனி மண்டபங்கள் தேடாமல் பள்ளிவாசல்களிலேயே கடனை வழங்கியது, தேவாலயங்களிலும் வழங்கியது. இதனால் செலவு குறைந்தது. பலர் முன்னிலையில் அளித்த வாக்குறுதிக்கு மதிப்பும் கூடியது. கடன் பெற்றவர்களே நிலை உயர்ந்த பின் நன்கொடையாளர்களாகவும் மாறினார்கள். 2021 ஆம் ஆண்டு அம்ஜத் ஸாகிபுக்கு மகசேசே விருது அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 30 லட்சம் குடும்பங்கள் பயன் பெற்றிருந்தன. அனேகமாக முழுத் தொகையும் திரும்பி வந்திருந்தது.

எல்லோருக்கும் கடனே தீர்வு என்று நாம் கருதலாகாது. நோயாளிக்கும் முதியவருக்கும் உழைக்க இயலாதவருக்கும் உரியவை ஜகாத்தும் ஸதகாவுமே. கடன் பெற்றவர் நெருக்கடியில் இருப்பின், வசதி வரும்வரை அவகாசம் தருமாறு திருக்குர்ஆன் (2:280) பணிக்கிறது. அந்த இரக்கம் இல்லையெனில் வட்டியில்லாக் கடனும் சுமையாகிவிடும்.

ஆயினும், உழைக்க வல்ல ஒருவரை ஆண்டுதோறும் ரமளானில் அதே வரிசையில் நிற்க வைத்துவிட்டு, நம் கடமை நிறைவேறியது என்று நாம் அமைதி கொள்ள முடியுமா? அவருக்குத் தேவை ஒரு தையல் இயந்திரமாகவோ தள்ளுவண்டியாகவோ இருக்கலாம். அதை அவரிடமே கேட்டறிந்து, அவர் எழுந்து நிற்கும்வரை உடன் நிற்பதே மதீனா நமக்குக் கற்பித்த சகோதரத்துவம். அடுத்த ரமளானில் அவரும் கொடுப்பவராக வரக்கூடும், இன்ஷா அல்லாஹ்.