ஐந்து வேலைகளும் ஒரு சொல்லும்: கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை வரி அறிவிக்கை வழியே வாசித்தல்

கரிசல் வட்டாரத் தீப்பெட்டித் தொழில் சிறு சிறு கூடங்களாகச் சிதறிக் கிடப்பதற்கு மழையின்மை, மலிந்த கூலி, முதலாளிகளின் பழமைப் பிடிப்பு என மூன்று காரணங்கள் ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. முதலிரண்டை மறுக்கத் தேவையில்லை. மூன்றாவது பிழையானது என்பதே என் துணிபு. அதற்கு நான் சான்றாகக் கொள்வது வரி அறிவிக்கையின் விளக்கக் குறிப்பு ஒன்றை.

கலால் காலத்தில் எழுதப்பட்டு, 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோதும் ஏறக்குறைய அப்படியே எடுத்தாளப்பட்ட அந்தக் குறிப்பு, கைத் தீப்பெட்டி எது என்று வரையறுத்தது. கட்டை அடுக்குவது (குச்சிகளைச் சட்டத்தில் செருகுவது), குச்சியை மருந்தில் முக்குவது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, சிப்பம் கட்டுவது ஆகிய ஐந்தில் எதுவும் 'வழக்கமாக' விசையின் துணையோடு நடக்கக் கூடாது. நடக்காவிட்டால், 2020 வரை, ஜிஎஸ்டி வரி 5 விழுக்காடாக இருந்தது. ஒன்று பிசகினாலும் 18.

இதை வாசித்தவர்கள் 'கை' என்ற சொல்லோடு நின்றுவிட்டனர்: கைவேலைக்குச் சலுகை, ஆகவே இயந்திரத்துக்குத் தடை, ஆகவே தேக்கம். ஆனால் பட்டியலில் எவை இல்லை என்று பாருங்கள். மரத்தைச் சீவிக் குச்சியாக்குவது இல்லை. பெட்டி செய்வது இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசுவதும் இல்லை. இவற்றுக்கு மோட்டார் வைத்தாலும் சலுகை போகவில்லை. குச்சி ஓரிடம், பெட்டி ஓரிடம், மருந்து முக்குவது வேறிடம் என்று தொழில் பிரிந்திருப்பதும் பெருமளவு இந்தக் கோட்டை ஒட்டியே. இப்பிரிவினை முழுவதையும் குறிப்பே உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் தீர்வை வந்த காலத்திலிருந்தே வரியைப் பார்த்துக் கூடத்தின் அளவை முடிவு செய்யும் பழக்கம் இங்கே உண்டு.

அடுத்து, அந்த 'வழக்கமாக'. ஆள் வராத நாளில் மட்டும் இயந்திரத்தை ஓட்டினால் அது வழக்கமா? ஒரே வளாகத்தில் இரு கூடங்கள் இருந்தால்? சொல்லின் எல்லை தெரியாதபோது, அதிகாரி எப்படி வாசிப்பாரோ என்று எண்ணி, எல்லைக்கு வெகு முன்னாலேயே நின்றுகொள்வதுதான் பிழைக்கத் தெரிந்தவர் வேலை. எட்டி நின்றால் தவறியும் 13 புள்ளி வரி கூடியிருக்காது. இதைத்தான் பழமைப் பிடிப்பு என்று எழுதிவைத்திருக்கிறோம்.

2020 ஏப்ரல் 1இல் இரு வகைக்கும் 12 விழுக்காடு என்றானது. இயந்திரம் வாங்கியவருக்கு 6 புள்ளி இறக்கம், எட்டி நின்றவருக்கு 7 புள்ளி ஏற்றம். அந்த ஏற்றத்தை விலையில் சேர்க்கவும் அப்போது வழியிருக்கவில்லை. ஒரு ரூபாய்ப் பெட்டிக்குப் பத்துப் பைசா கூட்ட முடியாது, கூட்டினால் இரண்டு ரூபாய்தான். சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆன பிறகே, 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பர் 1இல் இரண்டு ரூபாயானது.

கூலி மலிவே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பார் உண்டு. கூலி எல்லா வேலைக்கும் மலிவுதான். குறிப்பாக இந்த ஐந்து வேலைகள் கையிலேயே நின்றதை அது விளக்காது.

விட்டுப்போன இடத்தை வாசிப்பது கோவில்பட்டிக்கு மட்டும் உரிய வித்தையும் அன்று. 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி 2023 ஜூனில் தடை செய்யப்பட்டது. அந்த அறிவிக்கை லைட்டரைச் சொன்னது, உதிரிபாகத்தைச் சொல்லவில்லை. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். பாகங்களுக்கும் தடை வந்தது 2024 அக்டோபரில். அந்த இறக்குமதியாளர்களைப் பழமைவாதிகள் என்று இதுவரை யாரும் எழுதவில்லை.