மேகசின் பெயின்ட்பால் கன்: காசு போடும் முன்...

கருவடிக்குப்பத்தில் உட்கார்ந்து டை டேம், எக்லிப்ஸ் இஎம்எஃப்100 இரண்டையும் மொபைலில் ஒப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களா? விலைக்கு முன்னாடி இதைக் கவனிங்க.

டேம் எலெக்ட்ரானிக், பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் க்ளோஸ். இஎம்எஃப்100 மெக்கானிக்கல், காற்று சிலிண்டர் போதும். மேகசினுக்கு 20 குண்டுதான், குறிபார்த்துதான் சுடணும்.

குண்டின் ஓடு ஜெலட்டின். நம்ம கடலோர ஈரக்காற்றில் உப்பி, மேகசினில் சிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஆடும்போது மட்டும் நிரப்புங்க.

பக்கத்தில் சர்வீஸ் இல்லையென்றால் மெக்கானிக்கலே நல்ல சாய்ஸ். ஆர்டர் போடும் முன் லைசென்ஸ், சுங்க விதிகளை விசாரிச்சிடுங்க.

குண்டு நொடிக்கு சுமார் 90 மீட்டர் வேகத்தில் பாயும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால் முதல் செலவு, பெயின்ட்பால் மாஸ்க்குக்குத்தான்!