உள்ளங்கைக்குள் அடங்கிய டொயோட்டா

1970 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜப்பானிய விளையாட்டுப் பொருட் கடைகளில் ஆறு சிறிய உலோகக் கார்கள் விற்பனைக்கு வந்தன. குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய அவற்றில் ஒன்றின் விலை 180 யென். 'டோமிக்கா' என்று பெயர் சூட்டப்பெற்ற அந்த வரிசையில் ஐந்தாம் இலக்கத்தைப் பெற்றது டொயோட்டா 2000ஜிடி. ஜப்பான் அதுவரை தயாரித்தவற்றுள் மிக அழகிய கார் என்று பலராலும் போற்றப்பட்ட அந்த வாகனத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டதும் அதே 1970 இல்தான். பெரிய கார் விடைபெற்ற ஆண்டில் சிறிய கார் பிறந்தது. இன்று உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் தேடித்திரியும் பொருட்களுள் ஒன்றாக அது ஆகிவிட்டது.

இந்தச் சின்னஞ்சிறு பொருளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள, போரில் தோற்ற ஜப்பானுக்குச் சற்றுத் திரும்பிச் செல்லவேண்டும்.

1945 ஆம் ஆண்டின் இறுதியில், நாடு சாம்பல்மேடாகக் கிடந்தபோது, மட்சுசோ கோசுகே என்ற விளையாட்டுப் பொருள் கைவினைஞர், அமெரிக்கப் படையினர் உண்டுவிட்டு எறிந்த உணவுத் தகரங்களைப் பொறுக்கியெடுத்துச் சிறிய ஜீப் வண்டிகளைச் செய்தார். கியோத்தோ நகரின் பல்பொருள் அங்காடி ஒன்றில் அவை தலா 10 யென்னுக்கு விற்கப்பட்டன. போருக்குப் பிந்திய ஜப்பானின் விளையாட்டுப் பொருட் தொழில் மீண்டும் தலையெடுத்த கதையை எழுதுவோர் இந்த ஜீப்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். வெற்றிபெற்றவனின் வண்டி, வெற்றிபெற்றவனின் தகரம், வாங்கியதோ தோற்றவனின் பிள்ளை.

பின்னர் ஏற்றுமதி அனுமதிக்கப்பட்டபோது, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரிக்கப்பட்டது' என்ற முத்திரையைத் தாங்கியே அப்பொருட்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ஐம்பதுகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் செய்த தகரக் கார்களுள் மிகவும் புகழ்பெற்றவை கடிலாக் முதலான அமெரிக்கக் கார்களின் வடிவங்களே. இவற்றையெல்லாம் விஞ்சிய ஒரு முரண்பாடும் உண்டு. எயிச்சிரோ டோமியாமா 1924 இல் டோக்கியோவில் தொடங்கிய கம்பனி, 1951 இல் பி-29 குண்டுவீச்சு விமானத்தைத் தகரத்தில் செய்து விற்றது. தரையில் உரசிவிட்டால் ஓடும் அந்த விமானம் ஏற்றுமதியில் பெரும் வெற்றி பெற்றது. 1945 மார்ச் 9 ஆம் திகதி இரவு டோக்கியோவை எரித்து, சுமார் ஒரு இலட்சம் மக்களைக் கொன்றவை அதே பி-29 விமானங்கள்தான். எரிந்த நகரத்தின் தொழிலாளர்கள், எரித்த விமானத்தின் சிறுவடிவத்தை வர்ணம் பூசி விற்றார்கள். வயிற்றுப்பாடு எதையெல்லாம் செய்யவைக்கும் என்று வியப்பதா, வேதனைப்படுவதா என்று தெரியவில்லை.

இந்த டோமியாமா கம்பனியே பிற்காலத்தில் 'டோமி' என்ற பெயரைப் பெற்று, டோமிக்கா கார்களை வெளியிட்டது.

இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் ஜப்பான் மாறிவிட்டது. 1966 இல் சந்தைக்கு வந்த கொரோல்லா கார், நடுத்தரக் குடும்பமும் வாகனம் வாங்கலாம் என்ற நம்பிக்கையை விதைத்தது. ஆயினும் மலிவான, சிக்கனமான கார்களைச் செய்பவர்கள் என்ற பெயரே ஜப்பானியருக்கு வெளியுலகில் இருந்தது. ஒஸ்டின், மொரிஸ் கார்களைப் பார்த்து வளர்ந்த எமது மூத்த தலைமுறையினரிடமும் அந்த இளக்காரம் இருந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது.

அந்தப் பெயரை மாற்றவே 2000ஜிடி படைக்கப்பட்டது. யமஹா கம்பனியுடன் இணைந்து டொயோட்டா உருவாக்கிய இக்கார், 1965 ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. உருவத்தை வரைந்தவர் சத்தோரு நோசாக்கி. தரையிலிருந்து கூரைவரை உயரம் 116 சென்ரிமீற்றர் மாத்திரமே. ஆறு உருளைகள் கொண்ட இரண்டு லீற்றர் இயந்திரம் 150 குதிரைவலுவைத் தந்தது. யமஹா இசைக்கருவிகளையும் செய்யும் கம்பனி அல்லவா? காரின் உட்புறத்து மரவேலைப்பாட்டில் அந்தக் கைத்திறன் தெரிந்தது. 1966 ஒக்டோபரில் யாத்தாபே சோதனைத் தடத்தில், புயல்மழைக்கும் மத்தியில், இந்தக் கார் மூன்று நாட்கள் இரவுபகலாக ஓட்டப்பட்டது. 72 மணித்தியாலங்களின் சராசரி வேகம் மணிக்கு 206 கிலோமீற்றர். மூன்று உலக சாதனைகள் அந்த ஓட்டத்தில் பதிவாகின.

ஆனால் விலையோ 23 இலட்சத்து 80 ஆயிரம் யென். 4 இலட்சத்து 32 ஆயிரம் யென்னுக்கு விற்ற கொரோல்லாவில் ஐந்தை வாங்கிய பின்னரும் கையில் பணம் மிஞ்சும். எனவே 1967 முதல் 1970 வரை தயாரானவை சொற்பமே. முன்மாதிரிகளைக் கணக்கிடும் முறையைப் பொறுத்து 337 என்றும் 351 என்றும் சொல்வர். எப்படிப் பார்த்தாலும் நானூறைத் தாண்டவில்லை. வியாபாரக் கணக்கில் இது தோல்வி என்றே கொள்ளவேண்டும்.

அந்தக் காரை உலகம் அறியச் செய்தது சினிமா. 1967 இல் வெளியான 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்திற்காக, கூரையற்ற இரண்டு 2000ஜிடி கார்கள் விசேடமாகச் செய்யப்பட்டன. நெடிய உருவினரான ஷோன் கொனரிக்கு அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் இடம் போதவில்லை என்பதே காரணம். பிரித்தானியாவின் கோர்கி கம்பனி உடனடியாக அதன் வார்ப்பு மாதிரியை 336 ஆம் இலக்கத்தில் வெளியிட்டது. பின்பெட்டியைத் திறந்தால் சிறிய ஏவுகணைகள் பாயும். படத்தில் அந்தக் காரிலிருந்து எந்த ஏவுகணையும் பாயவில்லை என்பது வேறு விடயம். ஜப்பானின் பெருமைக்குரிய காரை மேற்குலகின் சிறுவர்கள் கையிலெடுத்தது இப்படித்தான், ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் தயவில்.

ஜப்பானியச் சிறுவர்களின் நிலையும் அப்போது விசித்திரமானது. அசாஹி என்ற கம்பனி 1959 இலேயே 'மொடல் பெட்' என்ற பெயரில் ஜப்பானியக் கார்களின் வார்ப்பு மாதிரிகளைச் செய்யத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளக்கூடிய சிறிய கார்கள் என்றால் 'மாட்ச்பொக்ஸ்' போன்ற வெளிநாட்டுத் தயாரிப்புகளே கிடைத்தன. தன் வீட்டு வாசலில் ஓடும் காரைக் கையில் வைத்து விளையாட அந்நாட்டுக் குழந்தைக்கு வழியில்லை. டோமிக்கா நிரப்பியது இந்த வெற்றிடத்தை. முதல் ஆறும் ஜப்பானியக் கார்களே: ப்ளூபேர்ட், கொரோனா மார்க் 2, கிரவுண், கிரவுண் பொலிஸ் கார், 2000ஜிடி, பெயர்லேடி இசட். கொரோல்லாவுக்கே பணம் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு தந்தை, 180 யென்னுக்குத் தன் பிள்ளைக்கு 2000ஜிடியை வாங்கிக்கொடுக்க முடிந்தது.

தொழில்நுட்பத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். துத்தநாகத்துடன் சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த உலோகத்தை 400 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் உருக்கி, உருக்கு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்துவார்கள். கலவை தூய்மையாக இருக்கவேண்டும். ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் ஆண்டுகள் செல்ல உலோகம் வெடித்துப் பொடியாகும். போருக்கு முந்திய டிங்கி கார்கள் பல சேகரிப்பாளர்களின் அலுமாரிக்குள்ளேயே அவ்வாறு உதிர்ந்துபோயின. டோமிக்காவில் இன்னொரு விசேடமும் உண்டு. எல்லாக் கார்களும் ஒரேயளவான பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதால், தீயணைப்பு வண்டி அதிகம் சுருங்கும், சிறிய கார் குறைவாகச் சுருங்கும். துல்லியம் விரும்பும் சேகரிப்பாளர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். அவர்களுக்கென, கதவும் இயந்திர மூடியும் திறக்கும் பதினெட்டில் ஒரு பங்கு அளவிலான பெரிய மாதிரிகளை 'ஓட்டோ ஆர்ட்' போன்ற கம்பனிகள் பின்னாளில் செய்தன. எனினும் கீறல் விழுந்த அந்தப் பழைய சிறிய காருக்குள்ள மதிப்பு தனியானது என்பதே என் கருத்து.

அசல் காரின் விலை இன்று சாதாரண மனிதரின் கற்பனைக்கு எட்டாதது. 2013 இல் ஒரு 2000ஜிடி ஏலத்தில் ஒரு மில்லியன் டொலரைத் தாண்டியது. அமெரிக்கப் பந்தய வல்லுநர் கரோல் ஷெல்பியின் குழுவினர் 1968 இல் ஓட்டிய கார், 2022 மார்ச்சில் 2.5 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது.

டோமி கம்பனி 2006 இல் தக்காரா கம்பனியுடன் இணைந்தது. அதற்கு முன்னரே டோமிக்காவின் உற்பத்தி சீனாவுக்குச் சென்றிருந்தது, பின்னர் வியட்நாமுக்கும் சென்றது. அதனால் பழைய 2000ஜிடி ஒன்று கைக்குக் கிடைத்தால் அனுபவமுள்ள சேகரிப்பாளர் அதன் முகப்பையோ வர்ணத்தையோ முதலில் பார்ப்பதில்லை. காரைக் கவிழ்த்து, அடித்தகட்டில் 'ஜப்பானில் தயாரிக்கப்பட்டது' என்ற எழுத்துக்கள் இருக்கின்றனவா என்றுதான் தேடுகிறார்.