280 எண்ட பூட்டு

ஒரு காரைப் பற்றிக் கதைக்கேக்க நாங்கள் முதலில் கேட்பது குதிரைவலுவைத்தான். அந்த இலக்கத்துக்குப் பின்னால் சிலவேளை அரசியலும் இருக்கும்.

யப்பானில் 1988இல் வீதி விபத்துகளில் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடம் கார்க் கம்பனிகள், 280 குதிரைவலுவுக்கு மேல் விற்பதில்லை எண்டு தங்களுக்குள் இணங்கின. சட்டமில்லை, வாய்ப்பேச்சுத்தான்.

அதே 1989இல் நிசான் ஸ்கைலைன் ஜீடீ-ஆர் வந்தது. 2.6 லீட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. பந்தயத்தை மனதில் வைத்துக் கட்டின எஞ்சின். 1990 முதல் 1993 வரை யப்பானின் குரூப் ஏ தொடரில் ஒரு பந்தயத்திலும் அது தோற்கவில்லை. பந்தயக் காரில் 500க்கு மேல் தந்த எஞ்சினுக்கு, விற்பனைக் காரில் காகிதத்தில் 280.

பூட்டு எங்க இருந்தது? வெளியேறும் சூடான புகையால் சுழலும் டர்போ, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். கூடக் காற்று, கூட எரிபொருள், கூட வலு. அந்த அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் குழாய்க்குள் சின்னத் துளையோட ஒரு அடைப்பு. கராஜ்காரர் அதைக் கழட்டினார்கள். பிறகு சைலன்சர், எரிபொருள் பம்ப், கம்பியூட்டர் எல்லாம் மாறின. டர்போவுக்குள் இருந்த செராமிக் சில்லோ, அமுக்கம் அளவு மீறினா உடைஞ்சுபோகும். அதால இரும்புச் சில்லு டர்போக்களும் வந்தன.

2004இல் ஹொண்டாவின் 300 குதிரைவலு லெஜெண்டோடு உடன்பாடு முடிந்தது. 15 வருடம் கம்பனிகள் கட்டுப்படுத்தியது காகிதத்தை. வலு எஞ்சினுக்குள்ளேயே கிடந்தது. அதைத் திறந்த பொறுப்பு மட்டும் ஸ்டியரிங் பிடிச்சவன்ர தலையில.