கொடியும் பெயரும்: செப்டம்பர் 11 நினைவிடங்களின் வரலாறு

2001 செப்டம்பர் 11 அன்று காலை, கடத்தப்பட்ட நான்கு விமானங்கள் அமெரிக்காவில் 2,977 பேரின் உயிரைப் பறித்தன. நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் 2,753 பேர், விர்ஜீனியாவில் பென்டகன் கட்டடத்தில் 184 பேர், பென்சில்வேனியாவின் ஷாங்க்ஸ்வில் ஊருக்கருகே விழுந்த விமானத்தில் 40 பேர். முதல் விமானம் மோதியபோது மணி 8:46. இரண்டாவது கோபுரம் இடிந்து விழுந்தபோது 10:28. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த இந்தப் பேரழிவை எவ்வாறு நினைவுகூர்வது என்ற வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. தாக்கப்பட்டது நாடு, ஆகவே நினைவும் நாட்டுக்குரியது என்றது ஒரு தரப்பு. இறந்தவர் எங்கள் மகன், எங்கள் தாய், ஆகவே முதல் உரிமை எங்களுடையது என்றன குடும்பங்கள். இந்த இரண்டு உரிமைகளும் ஒரே மண்ணில் இடம் கேட்டதுதான் இந்நினைவிடங்களின் வரலாறு.

தாக்குதல் நடந்த அன்று மாலையே நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி கேப்பிட்டல் கட்டடத்தின் படிகளில் திரண்டு 'காட் பிளெஸ் அமெரிக்கா' பாடலைப் பாடினார்கள். கடைகளில் தேசியக் கொடிகள் விற்றுத் தீர்ந்தன. வீட்டு வாசல், கார் கண்ணாடி, மேம்பாலத்துக் கம்பி என்று கொடி ஏறாத இடமில்லை. நிறுத்திவைக்கப்பட்டிருந்த பேஸ்பால் ஆட்டங்கள் செப்டம்பர் 17-ல் மீண்டும் தொடங்கியபோது ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் அதே பாடல் ஒலித்தது. சில மைதானங்களில் அவ்வழக்கம் நிலைத்தும் விட்டது.

நியூயார்க் நகரத்துக்குள் கொடிகளுக்கு இணையாகக் காகிதங்களும் கண்ணில் பட்டன. காணாமல் போனவர்களைத் தேடி உறவினர்கள் ஒட்டிய அறிவிப்புகள் அவை. செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் சுவரிலும் யூனியன் சதுக்கத்திலும் லெக்சிங்டன் அவென்யூவின் படைப்பயிற்சிக் கட்டடத்திலும் ஆயிரக்கணக்கில் அவை ஒட்டப்பட்டிருந்தன. கல்யாணத்திலோ பட்டமளிப்பு விழாவிலோ எடுத்த படம், கீழே உயரம், உடலில் உள்ள தழும்பு, அன்று அணிந்திருந்த சட்டையின் நிறம், வேலை பார்த்த மாடியின் எண். உயிரோடு தேடுவதற்காக ஒட்டியவை சில நாட்களில் அஞ்சலிப் படங்களாயின. அவற்றின் முன் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. செப்டம்பர் 15 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இறந்தவர்களைப் பற்றிய சிறு குறிப்புகளை வெளியிட்டது. பதவியையும் சாதனையையும் ஒதுக்கிவிட்டு, அவருக்குப் பிடித்த உணவு, வளர்த்த நாய், குழந்தையோடு ஆடிய விளையாட்டு ஆகியவற்றைச் சொன்ன குறிப்புகள். அவ்வாண்டு இறுதிக்குள் 1,800-க்கும் மேற்பட்டோர் அவற்றில் இடம்பெற்றார்கள். பிற்காலத்து நினைவிடத்தின் உண்மையான வித்து இந்தச் சுவரொட்டிகளிலும் குறிப்புகளிலும்தான் இருக்கிறது.

நாட்டின் நினைவுக்கோ ஒரு புகைப்படம் அடையாளமாயிற்று. அன்று பிற்பகல் மூன்று தீயணைப்பு வீரர்கள் இடிபாடுகளின் நடுவே கொடியேற்றுவதை நியூஜெர்சியின் 'தி ரெக்கார்ட்' நாளிதழின் புகைப்படக்காரர் தாமஸ் ஃபிராங்க்ளின் எடுத்தார். 1945-ல் ஐவோ ஜிமா தீவில் மரைன் படை வீரர்கள் கொடியேற்றிய படம் அதைப் பார்த்த எவருக்கும் நினைவுக்கு வந்தது. 2002-ல் அது தபால்தலையாயிற்று. படத்தைச் சிலையாக்கும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. படத்தில் இருந்த மூவரும் வெள்ளையர். உயிர்நீத்த 343 தீயணைப்புத் துறையினரில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் இருந்தார்கள். எனவே ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பர், ஒரு லத்தீன் அமெரிக்க வழியினர் எனச் சிலையை அமைக்கத் திட்டமிட்டார்கள். நடந்ததைத் திரிக்கலாகாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2002 சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. இரு தரப்பின் வாதத்திலும் நியாயம் இருந்தது. மூன்று பேரின் உருவத்தில் 343 பேரை அடக்க முற்பட்டதுதான் சிக்கலின் வேர்.

2001 டிசம்பர் 18-ல் கையெழுத்தான தீர்மானம் ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ஐ 'பேட்ரியாட் டே', அதாவது தேசபக்தர் நாள் என அறிவித்தது. அன்று கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கும். 2009-ல் அதே நாள் தொண்டுக்குரிய நாளாகவும் ஆக்கப்பட்டது. இடிந்த இடத்தைச் சீரமைக்க டேனியல் லிபெஸ்கிண்ட் தந்த திட்டம் 2003-ல் தேர்வானபோது, எழப்போகும் கட்டடத்தின் உயரம் 1,776 அடி என்று குறிக்கப்பட்டது. 1776 அமெரிக்கா விடுதலையைப் பிரகடனம் செய்த ஆண்டு. அடிக்கல் நடப்பட்ட நாள் 2004 சூலை 4, விடுதலை நாள். 'ஃப்ரீடம் டவர்' என்று பெயரிட்டிருந்தார்கள். அலுவலக இடம் வாடகைக்குப் போக வேண்டிய நேரத்தில், 2009-ல், 'ஒன் வேர்ல்டு டிரேட் சென்டர்' என்ற முகவரிப் பெயரே முன்னுக்கு வந்தது. உயரம் மாறவில்லை.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற சர்ச்சை 2005-ல் உச்சத்தை எட்டியது. நினைவிட வளாகத்தில் 'இண்டர்நேஷனல் ஃப்ரீடம் சென்டர்' என்ற அருங்காட்சியகத்தையும் அமைப்பதாக இருந்தது. உலகெங்கும் நடந்த விடுதலைப் போராட்டங்களையும், அடிமைமுறை உள்ளிட்ட அமெரிக்காவின் சொந்தக் கறைகளையும் அது பேசும் என்று தெரிந்தபோது இறந்தவர்களின் குடும்பங்களில் பல கொதித்தெழுந்தன. அந்தப் பாடங்களை வேறெங்கும் நடத்தலாம், இந்த இடத்தில் அன்று நடந்தது மட்டும் போதும் என்பது அவர்கள் வாதம். செப்டம்பர் இறுதியில் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி அத்திட்டத்தை வளாகத்திலிருந்து நீக்கினார். நாட்டுப்பற்றின் பெயரால் வரலாற்றுக்குக் கதவடைத்தார்கள் என்று அறிஞர்கள் சிலர் வருந்தினார்கள். ஆயினும் குடும்பங்களின் கோரிக்கையை வெறும் கொடிப்பற்று என்று தள்ளிவிட முடியாது. பலருக்கு அது உறவினரின் உடல் கிடைக்காத மண். வேறு கல்லறை அவர்களுக்கு இல்லை.

நினைவிடத்துக்கான போட்டிக்கு 63 நாடுகளிலிருந்து 5,201 வடிவங்கள் வந்தன. வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின் உள்ளிட்ட 13 பேர் கொண்ட நடுவர் குழு, 2004 சனவரியில், நகர வீட்டுவசதி அமைப்பில் பணியாற்றிய இளம் கட்டடக் கலைஞர் மைக்கேல் அராடின் 'ரிஃப்ளெக்டிங் ஆப்சென்ஸ்' வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. கோபுரங்கள் நின்ற இடங்களில் ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள இரண்டு குளங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் 30 அடி ஆழத்துக்கு விழும் நீர். சுற்றிலும் பீட்டர் வாக்கர் அமைத்த மரச்சோலை. சிலையோ கொடியோ அவ்வடிவத்தின் பகுதியாக இல்லை. குளத்தின் விளிம்பில் பெயர்கள் மட்டும் இருக்கும். எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

மரணம் ஆள் பார்த்து வரவில்லை, ஆகவே பெயர்களும் ஒழுங்கின்றியே இருக்கட்டும் என்பது அராடின் முதல் எண்ணம். குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. தீயணைப்புத் துறையினர் தம் தோழர்களின் பெயரோடு பதவியும் நிலைய எண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் தப்பி ஓடியபோது உள்ளே ஏறியவர்கள் அல்லவா? அலுவலகங்களில் இறந்தவர்களின் குடும்பங்கள், ஓர் உயிரை மற்றோர் உயிருக்கு மேல் வைக்கலாகாது என்றன; சிலர் வயதையும் மாடியையும் நிறுவனத்தையும் பொறிக்கக் கேட்டார்கள். வடக்குக் கோபுரத்தின் உச்சி மாடிகளில் இயங்கிய கேண்டர் ஃபிட்ஜெரால்டு நிறுவனம் மட்டும் 658 பணியாளர்களை இழந்திருந்தது. ஒன்றாக வேலை செய்து ஒன்றாக மாண்டவர்களைப் பிரித்துச் சிதறவிடுவது இரண்டாவது இழப்பு என்று அவர்கள் குடும்பத்தார் வாதிட்டார்கள்.

2006 இறுதியில் ஒரு சமரசம் பிறந்தது. பெயர்கள் ஒன்பது பெரும் பிரிவுகளாக நிற்கும்: இரண்டு கோபுரங்கள், நான்கு விமானங்கள், பென்டகன், முதலில் உதவிக்கு ஓடியவர்கள், 1993-ல் இதே மையத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 6 பேர். ஆக மொத்தம் 2,983 பெயர்கள். பதவியும் வயதும் பொறிக்கப்படா. தீயணைப்பு வீரர்களின் பெயர்கள் அவரவர் நிலையத்தின் கீழ் சேர்ந்திருக்கும். யாருடைய பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று குடும்பங்களே கேட்கலாம். 1,200-க்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள் வந்தன. விமானத்தில் இறந்த ஒருவரின் மகள், கோபுரத்தில் மாண்ட தன் உயிர்த்தோழியின் பெயர் தந்தையின் பெயருக்கு அருகில் அமைய வேண்டும் என்று கேட்டார், அது நிறைவேறியது. சகோதரர்கள், ஒரே மேசையில் சேர்ந்து உண்ட சக ஊழியர்கள், அன்று காலைதான் அறிமுகமாகி ஒருவரையொருவர் காக்க முயன்றவர்கள் எல்லாம் அடுத்தடுத்து வந்தார்கள். கருவுற்றிருந்த பெண்களின் பெயரோடு பிறவாத குழந்தையும் குறிக்கப்பட்டது. இத்தனை வேண்டுகோள்களையும் ஒருசேர நிறைவேற்றும் அடுக்கைக் கண்டுபிடிக்கத் தனியே கணினி நிரல் எழுதினார்கள். இறுதி அடுக்கைக் கையால் சரிசெய்தார்கள்.

வெளியிலிருந்து வருபவருக்கு இந்த அடுக்கின் காரணம் புலப்படாது. அறிந்தவர் மட்டும் அறிவார். நாடு முழுவதற்கும் சொந்தமான ஒரு பொது இடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கே உரிய ஓர் அந்தரங்கத்தை இந்த ஏற்பாடு அளித்தது. ஏழாண்டு வாக்குவாதத்தில் விளைந்த மிகச் சிறந்த பயன் இதுவே. 2011 செப்டம்பர் 11 அன்று குடும்பங்களுக்கும் மறுநாள் பொதுமக்களுக்கும் நினைவிடம் திறக்கப்பட்டது. ஆண்டு நிகழ்வில் பெயர்கள் உரக்க வாசிக்கப்படும். 2012 முதல் அங்கே அரசியல்வாதிகள் பேசுவதில்லை.

பென்டகன் நினைவிடம் அதற்கு முன்பே, 2008-ல் திறக்கப்பட்டது. அங்கே 184 இருக்கைகள், 3 வயதுக் குழந்தை முதல் 71 வயது முதியவர் வரை வயது வரிசையில். ஷாங்க்ஸ்வில்லில் மக்கள் ஒரு கம்பிவேலியில் தொப்பிகளையும் கொடிகளையும் கடிதங்களையும் தாமாகவே கட்டித் தொங்கவிட்டார்கள். நிலையான நினைவிடம் வரும்வரை அதுவே அஞ்சலி இடம். 2005-ல் பால் மர்டாக் வரைந்த வடிவத்தில் மேப்பிள் மரங்கள் பிறை வடிவில் வளைந்திருந்தன. அது இஸ்லாமியப் பிறையைப் போன்றது என்று சிலர் குற்றம் சாட்ட, வளைவு வட்டத்தை நோக்கி நீட்டப்பட்டது.

அந்த ஐயம் மனிதர்கள் மீதும் படிந்தது. தாக்குதல் நடந்த நான்காம் நாள், அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் நிலையம் நடத்திய சீக்கியர் ஒருவர், தலைப்பாகையும் தாடியும் வைத்திருந்த காரணத்தாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபீனிக்ஸில் 2006-ல் அமைந்த மாநில நினைவிடத்தில் அவர் மரணமும் ஒரு வரியாக இடம்பெற்றது. அவரைக் குறித்த வரியையும் வேறு சில வரிகளையும் அகற்ற 2011-ல் மாநிலச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது; ஆளுநர் ஜேன் புரூவர் அதைத் தடுத்தார். நாட்டுப்பற்று என்று சொல்லிக்கொண்டு வந்த வெறுப்புக்குப் பலியானவரும் அந்த வாரத்தின் இழப்புகளில் ஒருவரே. அந்த வரி அங்கே நீடிப்பது சரி.

உடல்களின் கதை இன்னும் முடியவில்லை. 18 லட்சம் டன் இடிபாடுகள் 2002 மே இறுதிக்குள் அகற்றப்பட்டன. ஸ்டேட்டன் தீவிலுள்ள ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைமேட்டில் அவற்றைச் சலித்து உடற்பகுதிகளைத் தேடினார்கள். சலித்த மண்ணையும் அங்கேயே விடுவது முறையல்ல என்று குடும்பங்கள் தொடர்ந்த வழக்கு தோற்றது. நியூயார்க்கில் இறந்தவர்களில் ஏறத்தாழ 1,100 பேரின் உடலில் எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. அடையாளம் காணாத எச்சங்கள் 2014 மே மாதம் நினைவிடத்தின் அடியில், பாறைமட்டத்தில் அமைந்த காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. நுழைவுக் கட்டணம் வாங்கும் அருங்காட்சியகத்தை ஒட்டி அவற்றை வைப்பதை எதிர்த்து, சில குடும்பத்தார் வாயில் கறுப்புத் துணி கட்டி நின்றார்கள். மரபணுச் சோதனை தொடர்கிறது.

இடிபாடுகளில் மாதக்கணக்கில் உழைத்தவர்களை நினைவு வெகுகாலம் மறந்திருந்தது. புகையையும் கான்கிரீட் தூசியையும் சுவாசித்த அவர்களில் பலருக்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தன. கொடியேற்றி வாழ்த்திய நாடு அவர்களின் மருத்துவச் செலவை ஏற்க 2011 சனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாதம் கையெழுத்தான சட்ரோகா சட்டம் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி செய்தது. நிதி தீரும் நிலை வந்தபோது 2019-ல் இயற்றிய சட்டம், 2090 வரை விண்ணப்பிக்கலாம் என்று காலத்தை நீட்டியது. அதே ஆண்டு மே 30-ல் நினைவிடத்துக்குள் இவர்களுக்கென ஒரு பாதை திறக்கப்பட்டது. அதில் கோபுரத்தின் எஃகு பதித்த ஆறு பெரும் கற்கள் உள்ளன, பெயர்கள் இல்லை. நோயால் இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343-ஐ எட்டியது. அவர்களின் பெயர்கள் ஆண்டுதோறும் புரூக்ளினில் உள்ள துறைத் தலைமையகச் சுவரில் சேர்க்கப்படுகின்றன.