கலைக்கப்பட இருந்த ஊர்

ஊர்கள் பலவகையாகத் தோன்றுகின்றன. ஆற்றங்கரையில் வயல் கண்டு எழுந்த ஊர் உண்டு; கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் உண்டு; துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊரும் உண்டு. ஆனால், பிறக்கும்போதே அழிவும் விதிக்கப்பட்ட ஊர் ஒன்றை நான் கண்டேன். அதன் பெயர் ட்வைசல். நியூஸிலாந்தின் தென் தீவில், மெக்கென்சி மேட்டுநிலத்தில் அது இருக்கிறது.

நான் அங்குச் சென்றது ஜனவரித் திங்கள். நம் நாட்டில் பனி பெய்யும் அக்காலம் அங்குக் கோடை. ஊருக்கு அருகே புகாக்கி ஏரி பரந்து கிடந்தது. பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துக் கொணர்ந்து சேர்ப்பதால், அதன் நீர் பால் கலந்த நீலமாக விளங்குகிறது. ஏரிக்கு அப்பால் 3,724 மீட்டர் உயரமுள்ள ஆவோராக்கி சிகரம் வெண்பனி போர்த்து நின்றது. படகு விடுவோரும் மீன் பிடிப்போரும் மிதிவண்டியில் உலா வருவோருமாக ஊர் எங்கும் விடுமுறைக் கூட்டம்.

இவ்வளவு அழகிய இடத்தில் வீடுகள் மட்டும் ஏன் ஒரே அச்சில் வார்த்தவைபோல் எளியனவாய் இருக்கின்றன என்று வியந்தேன். அதற்கு விடை ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இங்குள்ள ஏரிகளின் நீர் வைட்டாக்கி ஆற்றின் வழியே கடலை அடைகிறது. அந்த ஆற்றின் மீது முதல் அணை 1928 ஆம் ஆண்டு தொடங்கி 1934 இல் முடிந்தது. உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. தொழிலாளர் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டே பெரும்பகுதி வேலையைச் செய்து முடித்தனர். அவர்களுக்காக அமைந்த மருத்துவ உதவித் திட்டத்தில், அருகிலுள்ள குரோ என்னும் சிற்றூரின் மருத்துவர் மக்மில்லனும், பாதிரியார் நார்ட்மேயரும் பங்கு கொண்டனர். 1935 இல் இருவரும் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1938 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உருவானதில் அவர்களுடைய குரோ அனுபவம் பெரிதும் பயன்பட்டது. மண் சுமந்த மக்களின் குடியிருப்பிலிருந்து ஒரு நாட்டின் நலச்சட்டத்திற்கு வித்துக் கிடைத்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி அன்றோ!

பின்னர்ப் பென்மோர் அணை கட்டுவதற்காக ஓட்டேமட்டாட்டா என்னும் ஊர் எழுந்தது. அதன்பின் மேல் வைட்டாக்கித் திட்டம் வந்தது. அதற்காகப் பொதுப்பணி அமைச்சு 1968 இல் ட்வைசலை அமைத்தது. ஓட்டேமட்டாட்டாவின் வீடுகள் பலவற்றை அப்படியே வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கு நிறுத்தினர். வேலை முடிந்ததும் வீடுகளை அகற்றிவிட்டு, நிலத்தை மீண்டும் ஆடு மேய்க்க விட்டுவிடுவது என்பதே ஏற்பாடு. வீடுகள் எளியனவாய் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

திட்டமோ மிகப் பெரியது. ஏரிகளின் நீரை 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாய்களில், உயரம் குறையாதபடி, மேட்டின் ஓரமாகவே நடத்திச் செல்கின்றனர். பின்னர் அந்நீரைச் செங்குத்தான குழாய்களில் இறக்கிச் சுழலிகளை ஓடச் செய்கின்றனர். டெகாப்போ ஏரியில் புறப்படும் நீர் கடலை அடையுமுன் 8 மின்நிலையங்களில் உழைக்கிறது. வேலை மும்முரமாக நடந்த நாளில் ஊரில் ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்தனர்.

வேலை முடியும் காலம் நெருங்கிற்று. ஊரைக் கலைக்கும் நாளும் நெருங்கிற்று. ஆனால் அங்கு வாழ்ந்தோர் அதற்கு இசையவில்லை. 1983 ஆம் ஆண்டு அவர்கள் ஒன்றுகூடிப் போராடி, ஊரைக் காத்துக்கொண்டனர். மண் வாரும் பொறியை ஓட்டுவதற்கென இளமையில் அங்கு வந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். "என் பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள்; இந்த மரங்களை நாங்கள் நட்டோம். அரசாங்கத்துக்கு இது கூடாரம், எங்களுக்கு இது ஊர்" என்றார் அவர். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. விளக்கம் வேண்டியதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பெருவேலைக்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடலாகாது. நீர் கால்வாய்க்குச் சென்றதால் ஆற்றுப்படுகைகள் சில வறண்டன. ஏரிகள் உயர்ந்ததால் கரையோர நிலங்கள் மூழ்கின. கரிய உடலும் சிவந்த நீண்ட கால்களும் உடைய ஒரு பறவை அங்கு உண்டு. மாவோரி மக்கள் அதனைக் காகி என்பர். வாழிடம் குறைந்ததாலும், வெளியிலிருந்து வந்த பூனை, கீரியை ஒத்த பிராணிகள் ஆகியவற்றின் வேட்டையாலும், 1981 இல் காட்டில் வளர்ந்த பறவைகள் 23 மட்டுமே எஞ்சின. பின்னர் ட்வைசலுக்கு அருகிலேயே முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து, ஆற்றில் விடும் பணி நடைபெற்றது. அந்த மலையையும் நீரையும் முன்னோராகப் போற்றும் நாய் டாஹு மக்களின் உரிமைக் குறைகளுக்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டமே தீர்வு கண்டது. ஆவோராக்கி என்னும் பழம்பெயர் மலைக்கு அரசு முறைப்படி வழங்கியதும் அச்சட்டத்தாலேதான்.

மாலையில் கால்வாய்க் கரையில் நின்றேன். நீர் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்தோர் அதைப் படம் பிடித்தனர். அது மனிதர் வெட்டிய கால்வாய் என்பது அவர்களுள் எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ!

மாணவ நண்பர்களே, அணை ஒன்றைக் காணச் சென்றால் அதன் நீளத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்வீர்கள், அது நல்லதே. அதனோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இதைக் கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? கட்டி முடித்தபின் எங்கே போனார்கள்? பெரும்பாலான இடங்களில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. ட்வைசலில் கிடைக்கிறது: அவர்களுட் சிலர் போகவில்லை, அங்கேயே இருந்துவிட்டார்கள்.