கோழிக் கூட்டிலிருந்து பரேல் வரை

டோம்பிவிலியில் குடியேறியுள்ள நம்மிற் பலர், விடியற்காலை வண்டியேறி நகரத்துக்கு வேலைக்குச் செல்லுங்கால் பரேல் நிலையத்தை நாள்தோறும் கடக்கின்றோம். கூட்ட நெரிசலில் வெளியே நோக்க நமக்கு ஏது அவகாசம்? ஆயினும் அந்தப் பரேலிலேதான் 1886-இல் தோன்றிய பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இவற்றுள் பின்னதன் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால், வியப்பாக, ஒரு கோழிக் கூட்டில் போய் நிற்போம்.

கோழி காலரா என்றொரு நோய் உண்டு. பெயரில் காலரா இருப்பினும் மனிதரைத் தாக்கும் காலராவுக்கும் இதற்கும் உறவில்லை, கிருமி வேறு. மாலையில் நன்றாக இரை பொறுக்கிய கோழி, மறுநாட் காலையில் கொண்டை நீலித்துச் செத்துக் கிடக்கும். பிழைத்தவற்றில் சிலவற்றுக்குத் தாடி வீங்கும், மூக்கில் சளி ஒழுகும், மூச்சு கரகரக்கும். அவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிய கிருமி, குடிநீர் வழியே மற்றவற்றுக்கும் பரவும். நம் ஊர்களில் கோழிகள் கூட்டமாய் மடிந்தால், எந்த நோயாயினும் ‘கோழிச் சீக்கு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முட்டையும் கோழியும் விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியின் கைக்காசு. ஆகவே அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

பிரான்சு நாட்டின் துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் துசேன் இக்கிருமியைப் பிரித்தெடுத்து லூயி பாஸ்டருக்கு அனுப்பினார். பாஸ்டர் அதைக் கோழி இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். நாட்பட்ட வளர்ப்பைக் கோழிக்கு ஊசி வழியே செலுத்தியபோது கோழி சற்றே வாடித் தேறியது. பின்னர் வீரியமுள்ள புதுக் கிருமியைச் செலுத்தியும் சாகவில்லை. கோடை விடுமுறையில் மறந்து வைத்த குடுவையால் நேர்ந்த அதிர்ஷ்டம் என்று இதனைப் பள்ளிப் புத்தகங்கள் கதையாகச் சொல்லும். பின்னாளில் ஆராயப்பட்ட பாஸ்டரின் குறிப்பேடுகளோ, உதவியாளர் எமில் ரூவும் சேர்ந்து பல மாதம் செய்த பொறுமையான உழைப்பையே காட்டுகின்றன. நமக்கென்னவோ, கதையினும் குறிப்பேடே சுவையாகப் படுகிறது.

1880 பிப்ரவரி 9-ஆம் நாள் பாஸ்டர் இதைப் பாரிஸ் அறிவியற் கழகத்தில் அறிவித்தார். ஜென்னர் கையாண்ட பசு அம்மை இயற்கை தந்த மருந்து. இங்கோ மனிதனே கொடிய கிருமியைக் குடுவையில் அடக்கித் தணித்தான். சோதனைச் சாலையில் செய்யப்பட்ட முதல் தடுப்பு மருந்து மனிதருக்கன்றிக் கோழிக்கே வாய்த்தது.

ஆனால் உயிருள்ள கிருமி இருபுறமும் கூரான கத்தி. தணிந்த வளர்ப்பு எப்போதும் ஒரே அளவில் தணிந்திருக்கவில்லை. காக்க வேண்டிய கோழியைக் கொன்றதும் உண்டு. அதே கிருமியால் முயல்களை ஒழிக்கலாம் என்று பாஸ்டர் எண்ணினார். ஆஸ்திரேலியாவில் பயிர்களை அழித்த முயல்களை ஒழிப்பார்க்கு நியூ சவுத் வேல்ஸ் அரசு 1887-இல் 25,000 பவுன் பரிசு அறிவித்திருந்தது. பாஸ்டர் தம் ஆட்களை அனுப்பினார். விசாரணைக் குழு அத்திட்டத்தை ஏற்கவில்லை.

பாஸ்டரின் நிலையத்தில் பணியாற்றிய வால்டெமர் ஹாஃப்கின், 1892-இல் மனிதக் காலராவுக்கு உயிர்க் கிருமி மருந்து செய்து தம் உடம்பிலேயே முதலில் ஏற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அரசாங்கம் அவரை அழைத்தது. இம்முறை அவர் உயிர்க் கிருமியை நம்பவில்லை. ஆட்டிறைச்சிச் சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டுக் கிருமியை வளர்த்தார். துளிகளிலிருந்து அது விழுதுகளாய்த் தொங்கி வளர்ந்தது. அதனைச் சூடாக்கிக் கொன்று மருந்தாக்கி, 1897 ஜனவரி 10-ஆம் நாள் தமக்கே போட்டுக்கொண்டார். 1899-இல் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு அவர் ஆய்வகம் குடிபெயர்ந்தது. 1925-இல் அவர் பெயரையே பெற்றது.

கோழிக்கோ உயிர்க் கிருமி மறுபடியும் வந்தது. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்துத் தணிந்த கோழி காலராக் கிருமியை வான்கோழிகளுக்குக் குடிநீரிலேயே கலந்து கொடுத்தனர். மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறு கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோய்க்கு ‘எஃப்’ வகை உயிர் மருந்து முட்டைக் கோழிகளைக் காத்தது. வான்கோழிக்கோ அதுவே தீங்காயிற்று. ஆஸ்திரேலியாவில் உருவான ‘டி.எஸ். 11’ வகை வேறு உபாயம் கொண்டது. கோழியின் உள்ளுடல் ஏறத்தாழ 41 பாகை வெப்பம். இவ்வகைக் கிருமியோ 33 பாகை அளவில்தான் நன்கு வளரும். ஆதலால் கண்ணில் விட்ட சொட்டு மருந்து, காற்றால் குளிர்ந்த மூக்கிலும் மூச்சுக் குழலிலும் குடிகொண்டு, உள்ளே செல்ல மாட்டாது நிற்கும்.

ஊரில் கோழிப் பண்ணை வைத்திருக்கும் உறவினர்க்கு நாம் கடிதம் எழுதுங்கால் ஒன்று குறிப்பிடலாம். இத்தகைய பாக்டீரிய உயிர் மருந்து கொடுக்கும் நாட்களில் கோழித் தண்ணீரில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலக்கலாகாது. நோய்க் கிருமியையும் காவற் கிருமியையும் வேறுபடுத்தி அறிய அம்மருந்துக்குத் தெரியாது.